வியாபார மந்தமும் சம்பளக் குறைப்பும்

“வியாபாரம் மந்தமாயிருப்பதால் இம்மாத முதல் தேதியிலிருந்து சம்பளத்தில் கால் பங்கு குறைத்து வழங்கப்படும்” என்று ஆலை வாயிலில் ஒரு காகிதம் ஒட்டப்படுகிறது. ஒட்டப்பட்ட நாளோ மாதத்தின் ஒன்பதாம் தேதி. தொழிலாளர்கள் அதைப் படிக்கிறார்கள். இரண்டு நாள் தங்களுக்குள் முணுமுணுக்கிறார்கள். மூன்றாம் நாள் மறந்தவர்போல் வேலைக்குப் போகிறார்கள். மாத முடிவில் குறைந்த தொகையைக் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்கிறார்கள். ஆறு மாதம் இவ்விதமே கழிந்தபின், குறைந்த சம்பளமே அந்த ஆலையின் வழக்கமான சம்பளம் ஆகிவிடுகிறது. மந்தம் நீங்கிய பிறகும் பழைய தொகை தானே திரும்பி வருவதில்லை.

நெசவாளர்க்கும் பயிர்செய்வோர்க்கும் உரிய பத்திரிகையில் ஆலைச் சம்பளத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று அங்கத்தினர் சிலர் கேட்கலாம். நம் சங்கங்களின் கடன் பேரேடுகளைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு இக்கேள்வி எழாது. தறி ஓடாத மாதத்தில் தவணை கட்டப்படுவது பெரும்பாலும் மகன் நூற்பாலையிலிருந்தோ, மகள் பனியன் கம்பெனியிலிருந்தோ கொண்டுவரும் பணத்தினால்தான். 2025 ஆகஸ்டு 27-ஆம் தேதி முதல் அமெரிக்க சர்க்கார் இந்தியச் சரக்குகள் பலவற்றின்மீது மொத்தம் 50 சதவிகிதம் இறக்குமதி வரி விதித்தபோது திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் கலங்கியதை நாம் அறிவோம். அக்கலக்கம் திருப்பூரோடு நிற்கவில்லை. நூல் அனுப்பும் ஊர்களையும் ஆள் அனுப்பும் கிராமங்களையும் தொட்டது. இன்னொன்றும் உண்டு. நம் அங்கத்தினர் பலர் பிறருக்குக் கூலிக்கு ஓட்டும் விசைத்தறியாளர்கள். நம் சங்கங்களோ தாமே ஆட்களை வைத்து வேலை வாங்குகிற முதலாளிகள். ஆகையால் இது மூன்று வகையில் நம்மைச் சேர்ந்த விஷயம்.

வேலை நிபந்தனை என்பது இரு தரப்பாரும் இசைந்து ஏற்பட்டது. ஒரு தரப்பார் மட்டும் நினைத்தால் அதை மாற்றிவிட முடியுமா? 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி முடியாது. மாற்றத்துக்கும் இருவர் சம்மதமும் வேண்டும். ஆயினும் தறிக்காரனும் ஆலை முதலாளியும் சமநிலையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் அல்லர். “சம்மதமில்லாவிட்டால் நாளை முதல் வரவேண்டாம்” என்ற ஒரு வார்த்தைக்கு முன் ஒப்பந்தச் சட்டம் வாயடைத்துப் போகும். இந்தக் குறையை நிரப்பவே தொழிலாளர் சட்டங்கள் பிறந்தன.

அவை பிறப்பதற்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு நெசவாளர் கதையே ஒன்று இருக்கிறது. 1917-இல் அகமதாபாத்தில் பிளேக் நோய் பரவியது. ஆட்கள் ஊரைவிட்டு ஓடாதிருக்க ஆலை முதலாளிகள் “பிளேக் போனஸ்” என்று ஒரு தொகை கொடுத்தார்கள். சில இடங்களில் அது கூலியில் பாதிக்கும் மேற்பட்டதாயிருந்தது. நோய் தணிந்ததும் 1918 பிப்ரவரியில் அதை நிறுத்தத் தீர்மானித்தார்கள். யுத்த காலமாதலால் தானிய விலையோ ஏறிக்கொண்டே இருந்தது. நெசவுப் பகுதித் தொழிலாளர்கள் 50 சதவிகித உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20 என்றார்கள். இரு தரப்புக் கணக்கையும் ஆராய்ந்த காந்தியடிகள் 35 சதவிகிதமே நியாயம் என்று கண்டு, தொழிலாளரையும் அதற்கு இசையச் செய்தார். முதலாளிகளின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய தமக்கை அனசூயா சாராபாய். மூன்று வாரத்துக்கு மேல் நீடித்த அப்போராட்டம் ஒரு விசித்திரமான ராஜியில் முடிந்தது: முதல் நாள் 35 சதவிகிதம், இரண்டாம் நாள் 20, அதன்பின் மத்தியஸ்தர் தீர்ப்பு வரும்வரை 27½. மத்தியஸ்தரான பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவா 35 சதவிகிதத்தையே உறுதி செய்தார். ஆனால் 1923-இல் வியாபார மந்தம் என்று சொல்லி அதே ஊர் ஆலைகள் கூலியைக் குறைத்தபோது, இரண்டு மாதம் வேலைநிறுத்தம் செய்தும் குறைப்பை முற்றிலும் தடுக்க முடியவில்லை. நல்ல காலத்தில் போராடிப் பெறுவதைவிட, மந்த காலத்தில் இருப்பதைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இவ்விரண்டு ஆண்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும்.

சுதந்திரத்தை ஒட்டி வந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1956-இல் ஒரு திருத்தம் செய்து, 9-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நம் காரியத்துக்கு முக்கியமானது அதுவே. 2025 நவம்பர் 21-ஆம் தேதி முதல் பழைய சட்டங்கள் 29-க்குப் பதிலாக நான்கு சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோதும் இப்பிரிவு ஒழிந்துவிடவில்லை. தொழில் உறவுகள் தொகுப்பில் 40-ஆம் பிரிவாக அப்படியே இடம்பெற்றிருக்கிறது. “பழைய சட்டம் போய்விட்டது, இனி நோட்டீசு தேவையில்லை” என்று சில இடங்களில் சொல்லப்படுவதாகக் கேள்விப்படுகிறோம். அது சரியன்று.

பிரிவின் சாரம் இது: தொழிலாளருடைய சில குறிப்பிட்ட வேலை நிபந்தனைகளை மாற்ற விரும்பும் முதலாளி, பாதிக்கப்படும் தொழிலாளர்க்கு முன்னதாக நோட்டீசு கொடுக்க வேண்டும், கொடுத்து 21 நாள் செல்லும்வரை மாற்றத்தை அமலாக்கக் கூடாது. எந்த நிபந்தனைகள் என்பதை மூன்றாம் அட்டவணை கூறுகிறது. சம்பளம், அது கொடுக்கப்படும் காலமும் முறையும், சேமநல நிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கு, படிகள், வேலை நேரமும் ஓய்வு நேரமும், சம்பளத்தோடு கூடிய விடுமுறை, ஷிப்டு மாற்றம், தரப் பிரிவு, வழக்கமாக இருந்துவரும் சலுகையை எடுத்துவிடுதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். இக்கடைசி விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பல ஆண்டுகளாக ஆலை வண்டியில் இலவசமாக அழைத்து வந்தார்கள், இனி டிக்கெட்டு வாங்க வேண்டும் என்றாலும், பாதி விலைக்குச் சாப்பாடு போட்டார்கள், இனி முழு விலை என்றாலும் அதுவும் நிபந்தனை மாற்றமே. சம்பளம் என்ற இலக்கத்தைத் தொடாமலே சம்பளத்தைக் குறைக்கும் வழிகள் இவை.

மேலே சொன்ன ஆலை வாயில் காகிதத்தை இனிப் பார்த்தால் குற்றம் விளங்கும். ஒன்பதாம் தேதி ஒட்டி, முதல் தேதியிலிருந்து என்று எழுதியிருக்கிறார்கள். 21 நாள் முன்னால் இருக்க வேண்டியது, எட்டு நாள் பின்னால் போயிருக்கிறது. செய்து முடித்த வேலைக்குரிய கூலியைச் செய்த பிறகு குறைப்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

21 நாள் வெறும் சடங்கன்று. அக்காலத்துக்குள் தொழிலாளரோ அவர்தம் தொழிற்சங்கமோ தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் தகராறை எழுப்பலாம். சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால், அது முடியும்வரை அந்த விஷயத்தைப் பற்றிய நிபந்தனைகளைத் தொழிலாளர்க்குப் பாதகமாக மாற்றக் கூடாதென்பது சட்டம். ஆகவே நோட்டீசு கிடைத்த மறுநாளே எழுதுகிறவனுக்கும், குறைந்த சம்பளம் வாங்கிய பிறகு எழுதுகிறவனுக்கும் மிகுந்த வித்தியாசம் உண்டு. முன்னவன் பழைய சம்பளத்தில் நின்றுகொண்டு பேசுகிறான். பின்னவன் இழந்ததைத் திரும்பக் கேட்கிறான்.

நோட்டீசு தராமல் மாற்றினால் என்ன ஆகும்? இந்திய உணவுக் கழகத் தொழிலாளர் வழக்கில் 1985-இல் சுப்ரீம் கோர்ட்டு இதற்கு விடை கூறியது. நேராகக் கூலி பெற்றுவந்த மூட்டை சுமக்கும் தொழிலாளரைக் கழகம் மறுபடியும் காண்ட்ராக்டர் கையில் ஒப்படைத்தது. 9-ஏ நோட்டீசு இல்லாமல் செய்த இம்மாற்றம் செல்லாது, அவர்கள் கழகத்தின் தொழிலாளரே என்று தீர்ப்பாயிற்று. மந்த காலத்தில் சம்பளக் குறைப்பைவிட அதிகமாக நடப்பது இந்த வகை மாற்றமே என்பதால் இத்தீர்ப்பை நினைவில் வைப்பது நல்லது. நிரந்தரத் தொழிலாளியைக் கூப்பிட்டு, “கணக்கை முடித்துக்கொள், நாளை முதல் காண்ட்ராக்டர் பேரில் வா” என்பார்கள். அல்லது, ஓராண்டுக்கு மட்டும் வேலை என்ற புதிய காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். குறிப்பிட்ட கால வேலை என்பதைப் புதிய தொகுப்பு அனுமதிக்கிறது. அத்தகையவர்க்கு மற்றத் தொழிலாளரைப்போலவே சலுகைகள் உண்டு, ஓராண்டு முடித்தால் பணிக்கொடையும் உண்டு. ஆனால் குறித்த காலம் முடிந்து வேலை நீங்குவது ஆட்குறைப்பு ஆகாது. ஓராண்டேனும் தொடர்ந்து வேலை செய்த நிரந்தரத் தொழிலாளியை ஆட்குறைப்பில் அனுப்பினால் ஒரு மாத முன்னறிவிப்பும், ஒவ்வொரு வருஷ வேலைக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் கொடுக்க வேண்டும். பதினான்கு வருஷம் உழைத்தவர் அந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டால் 210 நாள் சம்பளத்துக்குரிய பாத்தியதையை ஒரு பேனா வீச்சில் இழக்கக்கூடும்.

“எல்லாரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள்” என்பது முதலாளிமார் கூறும் வழக்கமான சமாதானம். தனித்தனியே அழைத்து வாங்கிய கையெழுத்து வேறு, சட்டம் கூறும் உடன்பாடு வேறு. உடன்பாடு என்பது சமரச அலுவலர் முன்னிலையில் ஏற்பட வேண்டும். அல்லது இரு தரப்பாரும் எழுதிக் கையெழுத்திட்டு, அதன் நகல் உரிய சர்க்கார் அதிகாரிக்கும் சமரச அலுவலருக்கும் அனுப்பப்பட வேண்டும். அப்படி நேர்மையாக ஏற்பட்ட உடன்பாட்டின்படி மாற்றினால் 21 நாள் நோட்டீசு தேவையில்லை. வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்துக்கு அந்த அந்தஸ்து கிடையாது.

இதுவரை கூறியதைக் கொண்டு, சம்பளத்தை ஒருபோதும் குறைக்கவே கூடாது என்று அங்கத்தினர்கள் முடிவு கட்டிவிடலாகாது. மந்தம் மெய்யாகவே வருகிறது. ஆலை மூடிப்போவதைவிடச் சில மாதம் குறைந்த சம்பளம் மேல் என்ற நிலைமையும் வரலாம். கிரௌன் அலுமினியம் ஆலை வழக்கில் 1957-இல் சுப்ரீம் கோர்ட்டு, தொழிலின் பணநிலை மெய்யாகவே கெட்டிருந்தால் சம்பள விகிதத்தைத் தொழிலாளர்க்குப் பாதகமாகவும் திருத்தலாம் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்கு ஓர் அடித்தளம் வைத்தது: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது, அதைக்கூடக் கொடுக்க இயலாத தொழிலுக்கு நடக்கவே உரிமையில்லை என்றது. இதற்கு முன்பே 1954-இல் ஆஜ்மீர் ராஜ்யத்துப் பீஜய் பஞ்சாலை வழக்கில் இதைவிடக் கூர்மையான கேள்வி எழுந்தது. குறைந்தபட்சக் கூலியைக் கொடுக்க முடியாதென்று ஆலையை மூடிவிட்டார்கள். நிர்ணயித்ததற்குக் குறைவான சம்பளத்துக்கே வேலை செய்கிறோம் என்று தொழிலாளரில் பெரும்பாலோர் தாமே முன்வந்தனர். தொழிலாளியே சம்மதித்தாலும் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைத் தள்ள முடியாது என்பதே தீர்ப்பு. பசித்தவன் கொடுக்கும் சம்மதத்தின் எடை எவ்வளவு என்பதைக் கோர்ட்டு அறிந்திருந்தது.

அண்மைக் காலத்தில் இச்சட்டங்களெல்லாம் ஒரே சமயத்தில் சோதனைக்கு உள்ளானது 2020-இல். கொரோனா ஊரடங்கின்போது, மார்ச் 29-ஆம் தேதி மத்திய உள்துறை, தொழிற்சாலைகள் மூடியிருக்கும் காலத்துக்கும் பிடித்தமின்றிச் சம்பளம் கொடுக்க வேண்டுமென்று பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உத்தரவிட்டது. மே 18 முதல் அவ்வுத்தரவு நீங்கியது. இடைப்பட்ட 50 நாட்களுக்குச் சம்பளம் யார் தலையில் என்ற கேள்வி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஜூன் 12-ஆம் தேதி கோர்ட்டு, கொடுக்காத முதலாளிகள்மீது கடும் நடவடிக்கை கூடாதென்று கூறி, இரு தரப்பாரும் பேசித் தீர்த்துக்கொள்ளும்படியும், தீராவிட்டால் தொழிலாளர் துறையை அணுகும்படியும் சொல்லிவிட்டது. பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னால் யாருக்கு அனுகூலம்? சம்பளச் சீட்டும் வருகைப் பதிவும் கையிலிருந்து, கூடிப் பேச ஒரு சங்கமும் உள்ளவர்கள் ஏதேனும் கேட்க முடியும். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒடிசாவுக்கும் பீகாருக்கும் போய்விட்டவர்கள் எங்கே போய்ப் பேசுவார்கள்?

அதே ஆண்டில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. குஜராத்தில் தொழிற்சாலைகள் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம், மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி வேண்டாம், சாதாரண விகிதமே போதும் என்று ராஜ்ய சர்க்கார் ஏப்ரலில் அறிவித்திருந்தது. அக்டோபர் 1-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்து, உழைத்த மிகை நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுக்கச் சொன்னது. பொருளாதாரத் தொல்லை வேறு, தேசத்தின் பாதுகாப்பையே அச்சுறுத்தும் நெருக்கடி வேறு. முன்னதைப் பின்னதாகக் காட்டித் தொழிலாளியின் தோளில் பாரம் முழுவதையும் ஏற்ற முடியாது என்பதே அதன் கருத்து. நம் அபிப்பிராயத்தில் அவ்வாண்டின் தீர்ப்புகளில் பாராட்டத்தக்கது இதுவே.

சம்பளத்தைக் குறைக்காமல் வேலை நாளைக் குறைப்பது மற்றொரு வழி. நூற்பாலைகளில் இதுவே அதிகம். “லே-ஆப்” என்று சொல்லப்படும் இதற்கு நஷ்டஈடு உண்டென்பது பலருக்குத் தெரிவதில்லை. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலையில், பருவத்தை ஒட்டி நடக்கும் தொழிலாக இல்லாவிடில், ஓராண்டு தொடர்ந்து வேலை செய்து பெயர்ப் பட்டியலில் உள்ள தொழிலாளிக்கு, வேலை தராத நாட்களுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி கிடைக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவ்விரண்டும் சேர்ந்து மாதம் 13,000 ரூபாய். வேலை நாள் 26. ஆக நாளொன்றுக்கு 500. முதலாளி 18 நாள் வேலை கொடுத்து 9,000 ரூபாயைக் கையில் தருகிறார். மீதி 8 நாளுக்குப் பாதி வீதம் 2,000 ரூபாய் சேர்த்து 11,000 தந்திருக்க வேண்டும். இந்த 2,000 ரூபாயே நம் சங்கத்தில் ஒரு தவணை. பன்னிரண்டு மாதத்தில் லே-ஆப் 45 நாளைத் தாண்டினால், அதற்குமேல் நஷ்டஈடு இல்லை என்று உடன்பாடு செய்துகொள்ள இடமிருக்கிறது. ஆகையால் அந்தக் கட்டத்தில் நீட்டப்படும் காகிதத்தை இருமுறை படிக்க வேண்டும். 300 பேருக்குக் குறையாத ஆலைகளில் லே-ஆப்புக்குச் சர்க்காரின் முன் அனுமதியே தேவை. பழைய சட்டத்தில் இவ்வெல்லை 100-ஆக இருந்தது. எல்லை உயர்ந்ததால் நடுத்தர ஆலைகள் பல அனுமதிப் பொறுப்பிலிருந்து தப்பிவிட்டன. இது தொழிலாளர்க்கு நஷ்டமே என்று கூற நாம் தயங்கவில்லை.

ஆகவே குறைப்புக்கு இசையும்படி கேட்கப்பட்டால் என்ன செய்வது? கூட்டுறவில் பழகிய நமக்கு இது புதிதன்று. நம் சங்கத்தில் லாப ஈவைக் குறைப்பதானால் பொதுக்குழுவின் முன் கணக்கை வைக்கிறோம் அல்லவா? அதையே ஆலையிலும் கேட்க வேண்டும். விற்பனை எவ்வளவு குறைந்தது, எத்தனை மாதத்துக்கு இந்தக் குறைப்பு, மானேஜருடைய சம்பளமும் அதே விகிதத்தில் குறைகிறதா, எந்தத் தேதியில் பழைய சம்பளம் திரும்பும், நிறுத்திவைத்த தொகை பின்னால் கிடைக்குமா, இல்லையா? இவ்வளவும் எழுத்தில் இருந்தால் குறைப்புக்கு இசைவதில் அவமானமில்லை. திரும்பும் தேதி எழுதப்படாத குறைப்பை மட்டும் தற்காலிகம் என்று நம்பலாகாது. இசையாதவர்கள் வேலைக்குப் போவதை நிறுத்த வேண்டியதில்லை. ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்து நகலில் தேதியுடன் கையொப்பம் பெறலாம், மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பலாம். சம்பளப் புத்தகத்தில் “ஆட்சேபணைக்கு உட்பட்டுப் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதிக் கையெழுத்திடலாம். அந்த மூன்று சொற்கள் இருந்தால், மௌனமாயிருந்து சம்மதித்தார் என்று பின்னால் ஒருவரும் சொல்ல முடியாது.

மேற்கூறிய பாதுகாப்புகள் தொழிலாளர் என்ற இலக்கணத்துக்குள் வருகிறவர்களுக்கே. நிர்வாக வேலையில் உள்ளவர்களும், மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர்களும் அதில் சேர மாட்டார்கள்.

கூலிக்கு ஓட்டும் விசைத்தறியாளர்களும் அதில் சேர மாட்டார்கள். பாவும் ஊடையும் ஜவுளி உற்பத்தியாளருடையவை, தறி இவர்களுடையது. சட்டத்தின் பார்வையில் இது ஒரு வியாபாரிக்கும் இன்னொரு வியாபாரிக்கும் உள்ள உறவு. 21 நாள் நோட்டீசு இங்கே கிடையாது. பேசி முடித்த கூலி கைக்கு வரவில்லை என்ற முறையீட்டோடு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் 2022-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும், மறுபடியும் 2025 மார்ச்சு, ஏப்ரலிலும் தறிகள் வாரக்கணக்கில் நின்றன. கூலி ஒப்பந்தம் வெறும் வாய்ப்பேச்சாக இல்லாமல் சட்டப்படி செல்லுவதாக வேண்டும் என்பதே அவர்களுடைய கோரிக்கைகளுள் முக்கியமானது. அதிகாரிகள் முன்னிலையில் கைகுலுக்கிக்கொண்ட கூலி, நூல் விலை ஏறிய மாதத்தில் காற்றோடு போய்விடுகிறது.

கூலி விகிதத்துக்குச் சட்டத்தின் துணை இல்லையாயினும், பணம் தரும் காலத்துக்கு உண்டு. 30 நாளில் கொடுத்தவர் மந்தத்தைச் சொல்லி 120 நாளாக்குவதும் நிபந்தனை மாற்றமல்லவா? 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். எழுத்தே இல்லாவிட்டால் 15 நாளுக்குள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். வசதியாக்கல் கவுன்சிலில் முறையிடலாம். உத்யம் பதிவு மட்டும் வேலையை ஏற்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். தகராறு வந்தபின் பதிவு செய்து கொண்டு வருவதில் சிக்கல் உண்டு. நான்கு தறி வைத்திருப்பவர்களில் இப்பதிவைச் செய்யாதோரை நாம் இன்னும் பார்க்கிறோம்.

பயிர்செய்வோரைப் பற்றி ஒரு வார்த்தை. கரும்பு அளித்தவர்களுக்கு 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி 14 நாளில் பணம் வரவேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவிகித வட்டி உண்டு. வட்டியைக் கேட்டு எழுதுகிறவர்கள்தாம் அரிது.

கடைசியாக, நம் சங்கங்களைப் பற்றி. சரக்குத் தேங்கினால் சங்கமும் முதலாளியைப்போலவே நடக்கத் தொடங்கிவிடுகிறது. பாவு கொடுப்பதைக் குறைக்கிறோம். கூலியில் கை வைக்கிறோம். விற்பனையாளர் சம்பளத்தை இரண்டு மாதம் நிறுத்துகிறோம். அங்கத்தினரே சங்கத்தின் சொந்தக்காரர் என்ற வார்த்தை அப்போது கேட்க நன்றாயிருக்கிறது, அவ்வளவே. சங்கத்தின் எழுத்தரும் விற்பனையாளரும் கிடங்குக் காவலரும் வேலைக்காரரே; குறைந்தபட்சக் கூலியும் காலத்தில் சம்பளமும் அவர்களுக்கும் உண்டு. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்ற விதி சங்கத்தை விலக்கி எழுதப்படவில்லை. நெசவுக் கூலியைத் திருத்துவதானால் நிர்வாகக் குழுவில் முன்கூட்டித் தீர்மானம் செய்து, நெசவாளர்க்கு அறிவித்து, அதற்குப் பின் கொடுக்கும் பாவிலிருந்துதான் புதிய கூலி என்று வைக்க வேண்டும். தறியில் ஏறிவிட்ட பாவுக்குப் பழைய கூலியே நியாயம். தீர்மானத்தின் தேதி பழையதாயும் மை புதியதாயும் இருக்கும் நடவடிக்கைப் புத்தகங்களை நாம் தணிக்கையில் கண்டதுண்டு. பாவு போதாவிட்டால் வேண்டியவர்க்கு முழுதும் மற்றவர்க்குப் பூஜ்யமும் என்றில்லாமல், முறை வைத்துப் பகிர வேண்டும். முறைப் பட்டியலைச் சங்க வாயிலில் எழுதி ஒட்ட வேண்டும்.

பிடித்துக்கொண்ட சம்பளத்தைக் கேட்டு முறையிடுவதற்குப் பழைய சட்டங்கள் சிலவற்றில் ஆறு மாதமும் ஓராண்டுமே கெடு இருந்தன. புதிய ஊதியத் தொகுப்பில் அது மூன்று ஆண்டாகியிருக்கிறது. விசாரிக்கும் அதிகாரி உரிய தொகையோடு அதன் பத்து மடங்குவரை நஷ்டஈடு சேர்த்தும் உத்தரவிடலாம். சம்பளச் சீட்டு கொடுப்பது இப்போது முதலாளியின் கட்டாயக் கடமை. கைபேசியில் வரும் சீட்டாயினும் அச்சிட்டு, மாதவாரியாகச் சங்கக் கடன் பாஸ் புத்தகத்தோடு சேர்த்து வைக்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லவும். கையில் சீட்டு இல்லாதவர்கள் வங்கிக் கணக்கின் வரவுப் பட்டியலை இந்த மாதமே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.